ஏழு அங்குல ரெக்கார்டும் சலங்கை கிட்டாரும்

போன திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள், பையைத் திறந்து சதுரமான அட்டை உறை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே கறுப்பாக ஒரு சின்ன ரெக்கார்டு. டிபன் தட்டு அளவுதான் இருக்கும். உறையில் இரண்டு பேர், ஒருத்தர் தோளில் கிட்டார், வெயிலில் வெளுத்த மாதிரி நிறம். எங்கள் பழைய ரெக்கார்டுப் பெட்டியிலிருந்துதான் எதையோ உருவிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இல்ல சித்தப்பா, புதுசு. இப்பத்தான் வெளியாச்சு. வெளிநாட்டுல ரெண்டு பேரு சேந்து போட்டது. அறுபதுகள்ல வந்த மாதிரியே செஞ்சிருக்காங்க. சிங்கிள்ங்கிறாங்க, இண்டிங்கிறாங்க, ஜாங்கிள் பாப்ங்கிறாங்க. பாட்டு புடிச்சிருக்கு. இந்த வார்த்தைக ஒண்ணும் வெளங்கல."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பா காரைக்குடியில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாண வீடுகளில் விடியற்காலை நாலரைக்கு முகப்பு உச்சியில் குழாயைக் கட்டி, முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, அப்புறம் மற்றது என்று ஓட்டுவார். ஊசி மாற்றவும் பிளேட்டைத் துடைக்கவும் நான் கூடப் போவேன். இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் பிடித்தது, அது வேறு கதை. அவளுக்கு அன்று வளவில் உட்கார்ந்து சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் பிளேயர் இன்னும் ஓடுகிறது. சூட்கேஸ் மாதிரி மூடி போட்டது. ரெக்கார்டை வைத்து ஊசியை இறக்கினோம். யாரோ தூக்கமாத்திரை போட்டுக்கொண்டு கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல ஒரு குரல். அவள் முகம் வாடிவிட்டது. ஸ்பீடு கட்டை 33-இல் இருந்ததைப் பார்த்து 45-க்குத் தள்ளினேன். சட்டென்று பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்தத் தவறிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டியதை 33-இல் ஓட்டினால் பாட்டு மெதுவாகப் போவதோடு சுருதியும் இறங்கிவிடும். எவ்வளவு இறங்கும் என்றால், ஷட்ஜம் கேட்க வேண்டிய இடத்தில் கீழ்ஸ்தாயிப் பஞ்சமம் கேட்கும். ரெக்கார்டில் பதிந்திருப்பது ஒலி அலையின் உருவம். அதை எந்த வேகத்தில் ஊசி தடவுகிறதோ அந்த வேகம்தான் சுருதி.

சிங்கிள் என்றால்

ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கோடு. பார்த்தால் நூற்றுக்கணக்கான வட்டங்கள் மாதிரித் தெரியும். உண்மையில் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரே பள்ளம், வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே லேபிள் வரை சுருண்டு போகிறது. மூன்று நிமிடப் பாட்டு என்றால் 45-ஐ மூன்றால் பெருக்குங்கள்: 135 சுற்று. அந்தப் பள்ளத்தை நூல் மாதிரி உருவி நீட்ட முடிந்தால் ஏறக்குறைய 60 மீட்டர் வரும். நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் முகப்பில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் மறுமுனை வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசலைத் தொட்டுவிடும். அவ்வளவும் இந்த டிபன் தட்டில் சுருண்டு கிடக்கிறது.

இதற்கு முன்னால் இருந்தவை 78 சுற்று ரெக்கார்டுகள். அவை அரக்கில் செய்தவை. அரக்குப்பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் அதே அரக்கு, அதோடு கல்தூளும் கரியும் சேரும். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். (நம் வீடுகளில் இருக்கும் பர்மா மரவைப் பாத்திரங்களிலும் அரக்குத்தான் பூசியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மரத்துப் பால், வேறு பொருள்.) பத்து அங்குல 78-இல் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கொள்ளும். பழைய சினிமாப் பாட்டுகள் பலவும் அந்த நீளத்தில் நிற்பதற்கும், கொஞ்சம் நீண்ட பாட்டாக இருந்தால் பாதியில் நின்று 'மறுபக்கம் திருப்பு' என்று ஆகிப்போனதற்கும் காரணம் அதுதான். ஒருத்தர் பேச்சை மாற்றினால் 'பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டான்' என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி பன்னிரண்டு அங்குல எல்.பி.யைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், அரக்குக்குப் பதில் வினைல் என்கிற பிளாஸ்டிக். மறுவருடமே, 1949-இல், போட்டிக் கம்பெனியான ஆர்.சி.ஏ. விக்டர் தன் பங்குக்கு ஏழு அங்குலத் தட்டை இறக்கியது. வேகம் 45. ஒருவர் கச்சேரிக்கு, ஒருவர் பாட்டுக்கு என்று கடைசியில் இரண்டும் நிலைத்துவிட்டன. ஏழு அங்குலத்தில் பக்கத்துக்கு ஒரு பாட்டு வைத்தால் அது சிங்கிள். நன்றாக ஓட வேண்டும் என்று கம்பெனி நினைக்கும் பாட்டு ஏ பக்கம், மற்றது பி பக்கம். நம் ஊரில் இதே அளவில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு வைத்து ஈ.பி. என்று விற்றார்கள். அப்பாவின் பெட்டியில் பாதி அதுதான், பெரும்பாலும் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. தட்டுகள்.

அவள் கொண்டுவந்ததில் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம். எங்கள் பிளேயரின் நடுக்கம்பியோ பென்சில் தடிமன்தான். அமெரிக்கச் சிங்கிள்களில் இந்தப் பெரிய ஓட்டை வழக்கம். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்துக்கும் அது தோதாக இருந்தது. நடுவில் வைக்கப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று விற்கிறார்கள். அது இல்லாததால் கண்ணளவில் நடுவில் வைத்து ஓட்டினோம், பாட்டு ஊஞ்சலாடியது. மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி இறங்கும். அப்புறம் அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டுச் சரிசெய்தோம்.

ஊசி என்ன செய்கிறது

ஸ்டீரியோ ரெக்கார்டின் பள்ளம் 'வி' எழுத்து மாதிரி இருக்கும், அதாவது இரண்டு பக்கமும் சரிந்த வாய்க்கால். லேபிள் பக்கத்துச் சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, வெளி விளிம்புப் பக்கத்துச் சுவரில் வலது ஸ்பீக்கருக்கானது. ஒரே ஊசி இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வந்தது 1958-இல். அதற்கு முந்தியவை எல்லாம் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி, அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் சிங்கிள்கள் பெரும்பாலும் மோனோதான்.

தாழ்ந்த சுருதி, அதாவது டமாரமும் பேஸ் கிட்டாரும், பள்ளத்தை அகலமாக ஆட்டும், அதற்கு இடம் அதிகம் வேண்டும். மேல்சுருதி நுணுக்கமாக நெளியும், அதற்கு அகலம் வேண்டாம், ஆனால் நீளம் வேண்டும். ஒரு நொடியில் ஊசி கடக்கும் தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தெளிவாக அந்த நெளிவைச் செதுக்கலாம். தட்டின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் பார்த்தால், 45-இல் ஓடும் தட்டு 33-ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் நீளம் தருகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிட்டாருக்கு வரும்போது தேவைப்படும்.

பேஸ் அகலமாக ஆடினால் ஒரு பக்கத்தில் பாட்டு கொள்ளாது. அதனால் பதியும்போது பேஸைக் குறைத்து மேல்சுருதியைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. 1954 வாக்கில் அமெரிக்க ரெக்கார்டுத் துறை இதற்குப் பொதுவான ஓர் அளவை ஏற்றுக்கொண்டது. இப்போது காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்தியிருக்கும் தலை) வைத்த பிளேயர் வாங்கி, அதை ஆம்ப்பில் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் செருகாமல் வேறொன்றில் செருகினால், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி மெலிசாக ஒரு சத்தம் வரும். பிளேயர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கீறல் விழுந்த ரெக்கார்டு ஏன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கீறல் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் வரப்பை வெட்டிவிடுகிறது. ஊசி அந்த இடத்துக்கு வந்ததும் வரப்பைத் தாண்டி முந்தின சுற்றுக்கே போய்விடுகிறது. ஒரு சுற்று ஓடி மறுபடி அதே இடம், மறுபடி தாண்டல். 45-இல் இது 1.33 நொடிக்கு ஒரு தரம் நடக்கும், 78-இல் முக்கால் நொடிக்கு ஒரு தரம், எல்.பி.யில் 1.8 நொடி. அப்பா பந்தலின் அந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எந்தத் தட்டு மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவார். எழுந்து வரமாட்டார். "ஊசியில் ஒரு விரல் வைடா" என்று அங்கிருந்தே குரல் வரும்.

எப்படிச் செய்கிறார்கள்

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையைப் பிரிவு பிரிவாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். பின்னால் கண்ணாடியை எடுத்தால் கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லின் முகத்தில் இருக்கும். எதன் மேல் வார்க்கிறோமோ அதன் முகம்தான் வார்ப்பின் முகம்.

ரெக்கார்டும் அப்படி ஒரு வார்ப்புதான், ஆனால் நாலு தலைமுறை கடந்து வருகிறது. அலுமினியத் தட்டின் மேல் லேக்கர் என்கிற மென்மையான பூச்சைப் பூசியிருப்பார்கள். பாட்டை ஓடவிட்டு, சூடான ஊசியால் அதில் பள்ளம் வெட்டுவார்கள். அதன் மேல் வெள்ளியைத் தெளித்து, மின்சாரத் தொட்டியில் நிக்கல் படியவைத்து உரித்தால் பள்ளம் மேடாகி நிற்கும் ஒரு பிரதி வரும். அதற்குப் பெயர் அப்பன். அப்பனிலிருந்து எடுப்பது அம்மா, அதில் மறுபடி பள்ளம். அம்மாவிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர், அதில் மேடு. இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவில் சூடான வினைல் உருண்டையையும் இரண்டு லேபிள் காகிதத்தையும் வைத்து ஓர் அமுக்கு. லேபிள் பசை போட்டு ஒட்டுவதில்லை, அதே சூட்டிலும் அழுத்தத்திலும் பிளாஸ்டிக்கோடு ஒன்றிவிடுகிறது. தட்டின் ஓரத்தில் பிதுங்குவதை வெட்டி எறிந்தால் முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகாது.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெலிது என்பது 2020 பிப்ரவரியில் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் என்ற தொழிற்சாலை எரிந்துபோனது. லேக்கர் தட்டு செய்ய உலகத்தில் அப்போது இரண்டே இடங்கள்தான், மற்றது ஜப்பானில். ஒரு தீ, உலகம் முழுவதும் ரெக்கார்டு போடுகிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ஜாங்கிள் என்கிற சத்தம்

இனி கிட்டார். பாட்டு சரியான வேகத்தில் ஓடத் தொடங்கியதும் உள்ளே படுத்திருந்த அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, குரல் கொடுத்தார்: "யாரு ஆத்தா, தெருவுல வில்லுவண்டி போகுது?"

ஜாங்கிள் பாப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மாட்டின் கழுத்துச் சலங்கை, இடுப்பில் செருகின கொத்துச்சாவி, உலோகமும் உலோகமும் உரசிக் கலகலக்கும் ஓசை. அதைத்தான் 'ஜாங்கிள்' என்கிறார்கள். கிட்டாரில் அந்த ஓசை எப்படி வருகிறது?

சாதாரணக் கிட்டாருக்கு ஆறு தந்தி. பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு தந்திக்குப் பக்கத்திலும் ஒரு துணைத் தந்தி. தடிமனான நாலு தந்திகளுக்குத் துணை ஒரு ஸ்தாயி மேலே, மெலிந்த இரண்டுக்குத் துணை அதே சுருதியில். விரல் ஓர் இடத்தில் பட்டால் இரண்டு தந்தி அதிரும். இரண்டும் அணுப்பிசகாமல் ஒரே சுருதியில் இருக்கவே முடியாது, துளி வித்தியாசம் இருக்கும். அந்தத் துளி வித்தியாசம்தான் மினுமினுப்பு. தம்பூராவில் நடு இரண்டு தந்திகள் ஒரே ஷட்ஜத்தில் இருந்தும் ஒலி உயிரோடு அசைகிறதே, அது மாதிரி.

1964 பிப்ரவரியில் நியூயார்க் வந்திருந்த பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ரிக்கன்பேக்கர் கம்பெனி தன் புதிய பன்னிரண்டு தந்தி மின்சாரக் கிட்டார் ஒன்றைக் கொடுத்தது. அந்த ஆண்டு வந்த பீட்டில்ஸ் படத்தைத் தியேட்டரில் பார்த்த ரோஜர் மெக்வின் என்கிற அமெரிக்க இளைஞர், திரையில் அந்தக் கிட்டாரைப் பார்த்துத் தானும் ஒன்று வாங்கினார். அவர் குழுவின் பெயர் பேர்ட்ஸ். 1965-இல் அவர்கள் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை எடுத்துச் சிங்கிளாகப் போட்டார்கள், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். அந்தப் பாட்டின் வரியிலேயே 'ஜாங்கிள்' என்ற சொல் இருந்தது, கிட்டாரும் அதையே சொன்னது. பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயம் இந்த ஒரு சிங்கிளில் முழுசாக இருக்கிறது.

டிலன் பாடியது ஐந்து நிமிடத்துக்கு மேல், நாலு சரணம். பேர்ட்ஸ் எடுத்துக்கொண்டது ஒரே சரணம். ஏழு அங்குலத் தட்டுக்கும் ரேடியோவுக்கும் ஏற்ற அளவாக இரண்டரை நிமிடத்துக்குள் பாட்டை அடக்கினார்கள். வார்த்தை போன இடத்தைக் கிட்டார் நிரப்பியது. தொடக்கத்தில் வரும் அந்தச் சலங்கைத் துணுக்கைக் கேட்ட இரண்டாவது நொடியில் 'இது அந்தப் பாட்டு' என்று தெரிந்துவிடும். ரேடியோவில் ஆள் ஸ்டேஷனை மாற்றுவதற்குள் பிடித்து நிறுத்த வேண்டுமல்லவா? அடுத்து, அன்றைய ஸ்பீக்கர்கள். கையடக்க டிரான்சிஸ்டரிலும் காருக்குள் இருந்த பெட்டியிலும் பேஸ் காணாமல் போய்விடும், மேல்சுருதிக் கலகலப்பு எதையும் துளைத்துக்கொண்டு வரும். மெக்வின் கிட்டார் ஒலியைக் கம்ப்ரஸர் என்ற கருவி வழியாக விட்டார். தந்தியை மீட்டினதும் உரக்க எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும் ஒலியை அது சமன்செய்து நீட்டும். அதனால்தான் ஒவ்வொரு சுரமும் மணி மாதிரி நின்று ஒலிக்கிறது. இப்படிப்பட்ட மேல்சுருதியைச் செதுக்கத் தட்டில் நொடிக்கு நீளம் வேண்டும் என்று சொன்னேனே, 45 வேகம் அதைக் கொடுத்தது.

குழிப்பணியாரக் கல்லில் எந்த மாவை ஊற்றினாலும் குழி அளவுக்குத்தான் பணியாரம் வரும். அதோடு, அந்தக் குழிக்கு ஏற்ற மாவு எது என்று காலப்போக்கில் கைக்குத் தெரிந்தும் விடும். ஜாங்கிள் பாப் அப்படி ஏழு அங்குலக் குழிக்கென்றே பதம் பார்த்த மாவு. சின்னத் தட்டில் போட்டதால் அது அறுபதுகளின் பாட்டு மாதிரி இருக்கிறது என்பது பாதிதான் சரி. சின்னத் தட்டு இல்லாவிட்டால் அறுபதுகளின் பாட்டே அப்படி இருந்திருக்காது.

கிட்டாரை மீட்டும் முறையும் ஒரு காரணம். ஸ்வரக்கொத்தை ஒரே வீச்சில் 'ஜங்' என்று அடிக்காமல் ஒவ்வொரு தந்தியாக உதிர்ப்பார்கள். சரத்தை அறுத்தால் மணிகள் தரையில் ஒவ்வொன்றாகத் தெறிக்குமே, அப்படி. பன்னிரண்டு தந்தி இல்லாமல் ஆறு தந்தியிலேயே இந்த உதிர்ப்பால் ஜாங்கிள் ஒலியைக் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். எண்பதுகளில் மான்செஸ்டரின் ஸ்மித்ஸ் குழுவில் ஜானி மார், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் என்று அந்த வரிசை போகிறது. ஆர்.இ.எம்.மின் முதல் வெளியீடு 1981-இல் வந்த ஓர் ஏழு அங்குலச் சிங்கிள்தான்.

ஏன் இரண்டு பேர்

இரட்டையர் என்றதும் நமக்குச் சூலமங்கலம் சகோதரிகள் நினைவுக்கு வருவார்கள், இசையமைப்பில் என்றால் விசுவநாதன்–ராமமூர்த்தி. நம் இரட்டையர் பாடும்போது இரண்டு குரலும் ஒரே ஸ்வரத்தில் ஒன்றும், அல்லது ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். மேற்கத்திய இரட்டையர் வழக்கம் வேறு. ஒருவர் 'ஸ' பாடும்போது மற்றவர் அதே வார்த்தையை அதே நேரத்தில் 'க'வில் பாடுவார். பாட்டு ஏறினால் இருவரும் அந்த இடைவெளியை விடாமல் சேர்ந்தே ஏறுவார்கள், ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. அமெரிக்காவின் எவர்லி சகோதரர்கள், டானும் ஃபில்லும், ஐம்பதுகளின் கடைசியில் இதை ஏழு அங்குலத் தட்டுகளில் பரப்பினார்கள். பீட்டில்ஸும், சைமன்–கார்ஃபங்கல் என்ற அமெரிக்க இரட்டையரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

சைமன்–கார்ஃபங்கல் கதை கொஞ்சம் வேடிக்கை. 1964-இல் அவர்கள் வெறும் கிட்டாரோடு பாடின 'சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டு இருந்த எல்.பி. விலைபோகவில்லை, இருவரும் பிரிந்துபோனார்கள். மறுவருடம் தயாரிப்பாளர் டாம் வில்சன், பேர்ட்ஸ் ஒலி ஊரைக் கலக்குவதைப் பார்த்து, அந்தப் பழைய பதிவின் மேல் மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் ஏற்றிச் சிங்கிளாக விட்டார். பாடின இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம். பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள். கேட்காமல் செய்தது நியாயமா என்றால் இல்லை. ஆனால் அந்தச் சலங்கை இல்லாத பழைய பதிவையும் கேட்டிருக்கிறேன், எனக்குச் சலங்கை வைத்ததுதான் பிடிக்கிறது.

இன்றைய இருவர் குழுவுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒரே ஆள் கிட்டாரைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே பேஸ், அதன் மேல் இன்னொரு கிட்டார் என்று அடுக்கலாம். இரண்டு பேர், வீட்டில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஐந்து பேர் குழுவின் ஒலி வந்துவிடும். 'இண்டி'க்கு இங்கேதான் வர வேண்டும்.

இண்டி என்பது பெரிய கம்பெனியைச் சாராத சுயாதீன இசை. தமிழில் இதற்கு ஏற்ற உவமை சிற்றிதழ். 1920-களில் காரைக்குடியிலிருந்து 'குமரன்', 'ஊழியன்' என்று இதழ்கள் வந்தன. நாலு பேர் சேர்ந்து, கைக்காசு போட்டு, பிடித்ததை அச்சடித்து அனுப்புகிற மனசுதான் இண்டி லேபிளுக்கும் (லேபிள் என்றால் இங்கே ரெக்கார்டு போடும் கம்பெனி). இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சாரா ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் 1987 முதல் 1995 வரை நடந்தது. ஏழு அங்குலச் சிங்கிளையே கொள்கையாக வைத்திருந்தது, ஜாங்கிள் குழுக்கள் பல அதில் வந்தன. சாரா தொடங்குவதற்கு முந்தின வருடம் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை 'சி86' என்ற பெயரில் இப்படிப்பட்ட குழுக்களின் 22 பாட்டுகளைக் கேசட்டாகப் போட்டிருந்தது. நியூசிலாந்தில் ஃபிளையிங் நன் என்ற லேபிள் 1981-இலேயே தொடங்கிவிட்டது. இவர்கள் எல்லாரும் அறுபதுகளைத் திரும்பிப் பார்த்தவர்கள். இவள் கொண்டுவந்த இருவரோ அறுபதுகளையும் பார்க்கிறார்கள், அறுபதுகளைப் பார்த்த எண்பதுகளையும் பார்க்கிறார்கள். உறையில் அந்த மங்கின நிறம் அதற்குத்தான்.

ரெக்கார்டு விற்பனையும் இசைத் தொழிலும் நமக்கு அந்நியம் இல்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் அப்பா காரைக்குடியில் வைத்திருந்த கடையில் கிராமபோன் ரெக்கார்டும் விற்றது. அங்கிருந்து சென்னை போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ரெக்கார்டு போட்டு, அப்புறம்தான் சினிமா. போர்க்காலத்துக்குப் பின் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோவும் நடத்தினார். ஏ.வி.எம்.மின் வேர் ஒரு ரெக்கார்டுக் கடை மேசையில் இருக்கிறது.

வாங்கப் போனால்

"வினைல்ல கேட்டாத்தான் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டாள். சத்தத்தின் துல்லியம் என்று பார்த்தால் சி.டி. மேல். ரெக்கார்டில் தூசிச் சத்தம் வரும், லேபிளை நெருங்க நெருங்க மேல்சுருதி கலங்கும். ஆனால் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்ததும் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அந்த எழுந்துபோவதற்காகவே கவனமாகக் கேட்கிறோம். எனக்கு அது போதும். பலருக்கும் போதும் போலிருக்கிறது. அமெரிக்காவில் 2022-இல் விற்ற ரெக்கார்டுகளின் எண்ணிக்கை சி.டி.யைத் தாண்டியது, 1987-க்குப் பிறகு முதல் முறை. அதில் மிகப் பெரும்பங்கு எல்.பி. ஏழு அங்குலம் என்பது ஆசைக்குப் போடுவது, லாபத்துக்கு இல்லை.

மறுநாள் அவளை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குக் கூட்டிப்போனேன். பீங்கான் டப்பா, ரவிவர்மா படம், எனாமல் தூக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பித்தளைக் கூம்புக் கிராமபோன். உடனே இதில் போட்டுப் பார்ப்போமா என்றாள். அதை மட்டும் செய்யக் கூடாது. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல் எடை, ஊசி இரும்பு. அது அரக்கு 78-க்காகச் செய்தது. புது வினைலைத் தாங்கும் பிளேயரின் ஊசி வைரம், அழுத்தம் இரண்டு கிராம் பக்கம். வினைலைக் கூம்புக் கிராமபோனில் ஓட்டினால் உழுத வயல்தான். அந்தக் கூம்புப் பெட்டிகளில் நிறைய, புதிதாகச் செய்து பழசாக்கியவை என்பதையும் மெதுவாக அவள் காதில் சொன்னேன்.

எங்கள் வீட்டுப் பிளேயரும் உத்தமம் இல்லை. அதன் ஊசித்தலையைப் புரட்டினால் ஒரு பக்கம் 78-க்கு, மறுபக்கம் மற்றதுக்கு. 78-இன் பள்ளம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம் என்பதால் அதற்குத் தடித்த முனை. அழுத்தமும் அதிகம். ஒன்றிரண்டு தரம் கேட்கலாம், தினம் போட்டால் தட்டு தேயும்.

பழைய தட்டு வாங்கினால் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் போனால் போகட்டும், நகத்தில் தட்டுப்படும் கீறல் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி லேபிளில் கம்பி தேய்ந்த கோடுகள் நிறைய இருந்தால் அது அதிகம் ஓடின தட்டு. பின் கண்ணை மட்டத்தில் வைத்துத் தட்டு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் வினைல் அப்பளம்தான். மாடியறை வேண்டாம், படுக்கப் போட்டு அடுக்கவும் வேண்டாம், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். துடைக்க மெல்லிய துணி போதும். பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் பள்ளத்தில் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பின் ஊசி சேற்றில் நடக்கும்.

கிளம்புகிற அன்று காலை பி பக்கத்தையும் போட்டோம். ஏ பக்கம் அளவுக்குச் சலங்கை இல்லை, மெதுவான பாட்டு. அவளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பாட்டு முடிந்ததும் லேபிளை ஒட்டின வெற்று இடத்தை வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். அங்கே எண்ணும் எழுத்துமாக, தட்டு வெட்டினவர் கையால் கீறியிருந்தார். எந்த ஸ்டாம்பர் எந்தப் பக்கம் என்று ஆலைக்காரர்களுக்குத் தெரிய வைக்கும் குறி அது. அவள் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

பிறகு ரெக்கார்டை உறைக்குள் போட்டு என்னிடமே கொடுத்தாள். "இங்கேயே இருக்கட்டும் சித்தப்பா."

"ஏனாத்தா, ஆசையா வாங்கினது?"

"அங்க எங்கிட்ட பிளேயர் ஏது?"